வளர்வதும் வெட்டுவதும்: பின்லாந்துக் காடுகளின் நூறாண்டுக் கணக்கு

1921-ஆம் ஆண்டுக் கோடையில் பின்லாந்தின் காடுகளுக்குள் சில குழுக்கள் திசைகாட்டியோடு இறங்கின. தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நேர்கோட்டில் நடக்கவேண்டும் என்பதுதான் அவர்களுக்கு இடப்பட்ட வேலை. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 26 கிலோமீட்டர். சதுப்பைக் கண்டோ பாறையைக் கண்டோ கோடு வளையாது. வழியில் வந்த ஒவ்வொரு நிலத்தையும், அதில் நிற்கும் மரத்தையும் குறித்துக்கொண்டே போகும். அந்த நாட்டின் மேடுகளும் நீர்நிலைகளும் பழைய பனியாறுகள் நகர்ந்த தடத்தில் வடமேற்கு–தென்கிழக்காகப் படுத்திருக்கின்றன. அவற்றைக் குறுக்கே கடக்கும் கோடுதான் மேட்டுக்காட்டையும் பள்ளத்துக்காட்டையும் உள்ள விகிதப்படி தொடும். யிர்யோ இல்வெஸ்ஸாலோ என்ற வனவியலாளர் வழிநடத்திய இந்தக் கணக்கெடுப்பு 1924-இல் முடிந்தபோது, நடந்த கோடுகளின் நீளம் 13,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.

சுதந்திரம் பெற்று நான்கே ஆண்டுகள் ஆன ஓர் ஏழை நாடு இவ்வளவு சிரமப்பட்டதற்குக் காரணம் பயம். மரமும் மரக்கூழும் காகிதமும்தான் அதன் ஏற்றுமதி வருமானம். அந்த மரம் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. கணக்கெடுப்பு சொன்ன விடை: நிற்கும் மரம் சுமார் 150 கோடி கன மீட்டர், ஆண்டுக்கு அது வளர்வது சுமார் 5.5 கோடி கன மீட்டர். நார்வே 1919-லும் ஸ்வீடன் 1923-லும் இதேபோன்ற கணக்கெடுப்பைத் தொடங்கின. தன் காடு முழுவதையும் மாதிரி முறையில் அளந்த முதல் நாடுகள் இவை.

இன்று பின்லாந்தில் நிற்கும் மரம் சுமார் 250 கோடி கன மீட்டர். ஆண்டு வளர்ச்சி 10 கோடிக்கு மேல். இடைப்பட்ட நூறாண்டில் வெட்டி எடுத்த மரம், 1920-களில் நின்றதைப்போல மூன்று மடங்குக்குக் குறையாது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் காரேலியாவைச் சோவியத் ஒன்றியத்திடம் இழந்த பிறகும் நிலைமை இதுதான். ஸ்வீடனிலும் நிற்கும் மரம் ஏறத்தாழ இரட்டித்திருக்கிறது. தொழில்வளம் பெற்ற நாடுகளில் ஒரு கட்டத்துக்குப் பிறகு காடு சுருங்குவது நின்று பெருகத் தொடங்குகிறது என்பதை அபர்டீன் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர் அலெக்சாண்டர் மேதர் 1990-களின் தொடக்கத்தில் ஒரு பொதுப்போக்காக எடுத்துக்காட்டினார். அரசுகளும் ஆலைகளும் இதை ஒரே வாக்கியத்தில் சொல்கின்றன: வெட்டுவதைவிட வளர்வது அதிகம்.

இந்த வாக்கியம் உண்மை. அதைப் பொய் என்று ஒதுக்கும் சூழலியல் எழுத்துகள் நிறைய இருக்கின்றன. அவை அந்த நூறாண்டு உழைப்புக்கு நியாயம் செய்யவில்லை என்றே நினைக்கிறேன். அதே சமயம், ஒரு காட்டின் நலத்தை இந்த ஒற்றை வாக்கியத்தால் தீர்ப்பிடும் வழக்கம் ஆபத்தானது. அது எப்படி என்பதைப் பின்லாந்தே இப்போது காட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில், வளர்ச்சி என்ற எண் எங்கிருந்து பிறக்கிறது என்று பார்க்கவேண்டும். ஆஸ்திரியாவின் வால்ட்டர் பிட்டர்லிஹ் 1948-இல் வெளியிட்ட முறை வியக்கத்தக்க எளிமை கொண்டது. ஒரு சென்டிமீட்டர் அகல இடைவெளி கொண்ட சிறு தகடு. அதில் 50 சென்டிமீட்டர் நூல். நூலின் நுனியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, தகட்டின் இடைவெளி வழியே பார்த்தபடி நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றவேண்டும். நெஞ்சுயரத்தில் அந்த இடைவெளியைவிட அகலமாகத் தெரியும் மரங்களை மட்டும் எண்ணவேண்டும். பக்கத்தில் நிற்கும் ஒல்லி மரமும் எண்ணிக்கையில் வரும், தூரத்தில் நிற்கும் பருத்த மரமும் வரும். 23 மரம் எண்ணினால், அந்தக் காட்டில் ஹெக்டேருக்கு அடிமரக் குறுக்குப்பரப்பு 23 சதுர மீட்டர். மரங்களின் உயரம் 18 மீட்டர் என்றால், நுனி நோக்கி ஒடுங்குவதற்குப் பாதி கழித்து, ஹெக்டேருக்குச் சுமார் 200 கன மீட்டர் மரம் நிற்கிறது என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

நிற்பது எவ்வளவு என்பது இது. வளர்வது எவ்வளவு என்பதற்கு மரத்துக்குள்ளேயே போகவேண்டும். உள்ளே குழலாக இருக்கும் ஒரு துளைப்பானை 1.3 மீட்டர் உயரத்தில் பட்டையில் ஊன்றி, இரு கையாலும் திருகித் திருகி நடுத்தண்டு வரை இறக்குவார்கள். பிறகு மெல்லிய தகடொன்றை உள்ளே செலுத்தி இழுத்தால், பென்சிலைவிட ஒல்லியான ஒரு மரக்குச்சி பிசின் மணத்தோடு வெளியே வரும். அதில் வெளிர்ப் பட்டையும் கரும் பட்டையும் மாறி மாறி இருக்கும். வெளிர் நிறம் கோடையின் தொடக்கத்தில் வேகமாக வளர்ந்தது. கரும் நிறம் கோடை முடிவில் இறுகியது. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. வடக்கத்திய பைன் மரத்தில் அந்த ஆண்டின் அகலம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். கடைசி ஐந்து வளையங்களை அளந்து, அந்த மில்லிமீட்டர்களை ஆயிரக்கணக்கான இடங்களில் கூட்டிப் பெருக்கினால் நாட்டின் ஆண்டு வளர்ச்சி கிடைக்கும். இப்போது அதே மரத்தைச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் அளக்கும் நிரந்தரக் களங்களும் இருக்கின்றன.

இந்த அளவீட்டின் வலிமையை ஐரோப்பா ஒருமுறை நன்றாகவே கண்டது. 1980-களில் அமில மழையால் காடு முழுதும் சாகப்போகிறது என்ற அச்சம் ஜெர்மனியைப் பிடித்தாட்டியது. 1992-இல் பெக்கா கௌப்பியும் சக ஆய்வாளர்களும் தேசியக் கணக்கெடுப்புகளைத் திரட்டி ‘சயின்ஸ்’ இதழில் காட்டிய சித்திரம் வேறு: 1970-களிலும் 80-களிலும் ஐரோப்பியக் காடுகளின் மரஇருப்பும் வளர்ச்சியும் கூடியிருந்தன. சில இடங்களில் காடு உண்மையிலேயே நோயுற்றிருந்தது. கண்டம் முழுமைக்கும் நிலைமை அப்படியில்லை. அளக்காமல் பேசியிருந்தால் இது தெரிந்திருக்காது.

ஆனால் வளர்ச்சி ஏன் கூடியது? இதற்குப் பின்லாந்தின் பழைய கதைக்குள் கொஞ்சம் போகவேண்டும். பதினேழாம் நூற்றாண்டு முதல் அங்கே பைன் மரத்தைப் புழுங்க எரித்துத் தார் இறக்கினார்கள். ஐரோப்பாவின் மரக்கப்பல்களுக்கெல்லாம் அது போயிற்று. கிழக்கில் காட்டை எரித்து ரை என்ற தானியத்தை விதைத்தார்கள். பிறகு அறுவை ஆலைகள் வந்தன. பருத்த, நேரான மரத்தை மட்டும் பொறுக்கி எடுத்து, வளைந்ததையும் நலிந்ததையும் விட்டுவிடும் வழக்கம் பரவியது. மிஞ்சிய காட்டில் மரம் இருந்தது, வளர்ச்சி இல்லை. 1948-இல் முன்னணி வனவியலாளர்கள் ஆறு பேர் இந்தப் பொறுக்கு வெட்டைக் கண்டித்து ஒரு பகிரங்க அறிக்கை விட்டார்கள். அதன் பிறகு நாட்டின் போக்கே மாறியது. ஒரு பரப்பை ஒட்ட வெட்டு, மண்ணைக் கீறு, நாற்று நடு, நெருக்கத்தை இரண்டு மூன்று தடவை இடைவெட்டால் குறை, எழுபது எண்பது ஆண்டில் மறுபடி ஒட்ட வெட்டு. வடக்கே பூதாஸ்யார்வி பகுதியில் 1950-களில் அப்படி மொட்டையடிக்கப்பட்ட பெருவெளிகளை, வனத்துறைத் தலைவர் ஓசாராவின் பெயராலேயே மக்கள் இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

1960-களில் ஆலைகளின் பசி வளர்ச்சியை மிஞ்சியது. வெட்டு கூடுதல், வளர்ச்சி குறைவு என்று கணக்கெடுப்பே சொன்னது. நாடு அதற்குக் கண்ட வழி, சதுப்பை வற்றவைப்பது. பின்லாந்தின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு சதுப்பு; சுமார் ஒரு கோடி ஹெக்டேர். பாசியும் புல்லும் மட்கமுடியாமல் நீருக்குள் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண் அது. அங்கே மரம் முளைக்கும், ஆனால் வேர் மூச்சுவிட முடியாமல் குட்டையாகவே நின்றுவிடும். வாய்க்கால் வெட்டி நீர்மட்டத்தை இறக்கினால் வேருக்குக் காற்று கிடைக்கும். அரசு மானியமும் கடனும் கொடுத்தது. கலப்பைகளும் தோண்டு இயந்திரங்களும் இறங்கின. உச்ச ஆண்டுகளில் ஓராண்டில் மட்டும் மூன்று லட்சம் ஹெக்டேரை நெருங்கும் அளவுக்கு வாய்க்கால் போட்டார்கள். மொத்தத்தில் 50 லட்சம் ஹெக்டேருக்குச் சற்றே குறைந்த சதுப்பு காடாக்கப்பட்டது. இன்று நாட்டின் மர வளர்ச்சியில் கணிசமான பகுதி அந்த நிலங்களிலிருந்தே வருகிறது. மீதியில் நடவுக்கும் இடைவெட்டுக்கும் பங்குண்டு. வெப்பம் ஏறியதும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடியதும்கூட மரத்தை ஊட்டின. 1971-க்குப் பிந்தைய நாற்பதாண்டு வளர்ச்சி உயர்வில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்தச் சூழல் மாற்றத்தால் வந்தது என்பது பின்லாந்து ஆய்வாளர்களின் மதிப்பீடு.

வளர்ச்சியையும் வெட்டையும் ஒப்பிடும் சிந்தனை அங்கே தொடங்கியதல்ல. சாக்சனியின் சுரங்க நிர்வாகி ஹன்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ் 1713-லேயே, உலைகளுக்குக் கரி தீர்ந்துவிடும் என்ற கவலையில் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஜெர்மன் வனக்கல்வி அதை ஒரு சூத்திரமாக்கியது: முதலைத் தொடாதே, வட்டியை மட்டும் எடு. இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளராக 1864-இல் பொறுப்பேற்ற ஜெர்மானியர் டீட்ரிக் பிராண்டிஸ் வழியாக நம் வனத்துறைக்கும் வந்துசேர்ந்தது இந்தப் பாடந்தான்.

வங்கிக் கணக்கில் வட்டியைத் தனியே எடுக்கமுடியும். மரத்தில் முடியாது. இந்த ஆண்டின் வளர்ச்சி என்பது ஒவ்வொரு மரத்தின் பட்டைக்கடியிலும் ஒட்டியிருக்கும் ஒன்றரை மில்லிமீட்டர்; அதைச் சீவி எடுக்கும் கருவி கிடையாது. எடுக்கவேண்டுமானால் எண்பது ஆண்டுகளாகச் சேர்ந்த மரத்தை அப்படியே சாய்க்கவேண்டும். ஆகவே, 10 கோடி கன மீட்டர் வளர்ந்தது, 8 கோடி வெட்டினோம் என்று சொல்லும்போது, வளர்ந்த மரமும் வெட்டிய மரமும் வேறுவேறு. வளர்ந்தது பெரும்பாலும் நாற்பது ஐம்பது வயது ஒல்லி மரங்களில். வெட்டியது தெற்கின் முதிர்ந்த பருமரம். கூட்டுத்தொகை சமன்படும்; காடு இளமையாகிக்கொண்டே போகும்.

வயதுக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஒரே வயது மரங்கள் நிற்கும் காட்டில் வளர்ச்சி நடுவயதில் உச்சம் தொடும், பிறகு இறங்கும். 1960-களிலும் 70-களிலும் நட்ட தலைமுறை நாடு முழுவதும் ஒன்றாக நடுவயதுக்கு வந்தபோது எண் மளமளவென ஏறியது. ஏறுவதைப் பார்த்து ஆலைகள் திட்டமிட்டன. ஆனேகோஸ்கியில் 2017-இல் திறந்த மரக்கூழ் ஆலை ஆண்டுக்கு 65 லட்சம் கன மீட்டர் மரம் கேட்கிறது. கெமியில் 2023-இல் திறந்தது 76 லட்சம் கேட்கிறது. 2018-இல் நாட்டின் வெட்டு 7.8 கோடி கன மீட்டரை எட்டியது. அதுவரை காணாத அளவு. 2022-இல் உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பின் ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த மரம் நின்றுபோக, ஆண்டுக்கு ஒரு கோடியை ஒட்டிய கன மீட்டரை உள்நாட்டிலேயே தேடவேண்டியதாயிற்று. இதே காலத்தில்தான் வளர்ச்சியும் இறங்கியது. 2014–18 கணக்கெடுப்பு 10.8 கோடி என்றது. அடுத்த சுற்று 10.3 கோடி என்றது. பைன் மரங்களின் வயது, வறண்ட கோடைகள், கடுமையான இடைவெட்டுகள் என்று காரணங்கள் பேசப்படுகின்றன. தானாகச் செத்த மரத்தையும் வெட்டும்போது காட்டிலேயே விட்ட துண்டுகளையும் சேர்த்தால், மொத்த இழப்பு 9 கோடிக்கு வந்துவிடுகிறது. பெரிதாகப் பேசப்பட்ட இடைவெளி மெலிந்துவிட்டது.

இதோடு முடிந்தால் மரத்தின் கணக்கு மட்டுமே. வாய்க்காலின் கணக்குதான் கடுமையானது. நீர்மட்டம் இறங்கிய கரிமண்ணுக்குள் காற்று நுழைந்ததும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் கிடந்த பாசி மட்கத் தொடங்கியது. அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஸ் ஆக்சைடும் கிளம்புகின்றன. மண் வெதுவெதுப்பானால் மட்குவது விரைவாகிறது; பின்லாந்தின் கோடை இப்போது முன்பைவிட வெப்பமானது. மேலே மரம் கார்பனைச் சேர்க்க, கீழே மண் அதை விட்டுக்கொண்டிருக்கிறது. மரம் வேகமாக வளர்ந்தவரை கூட்டுத்தொகை லாபமாகவே தெரிந்தது. வளர்ச்சி தளர்ந்து வெட்டு ஏறியதும், அடியில் மறைந்திருந்த நஷ்டம் மேலே வந்தது. 2021-ஆம் ஆண்டுக்கான உமிழ்வுக் கணக்கை மறுஆண்டு வெளியிட்டபோது, நாட்டின் நிலப்பயன்பாட்டுத் துறை முதல்முறையாக உறிஞ்சும் பக்கத்திலிருந்து வெளியிடும் பக்கத்துக்குப் போயிருந்தது. 2035-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவது என்று சட்டமே இயற்றிய நாடு, அந்தக் கணக்கின் பெரும்பாரத்தைக் காட்டின் தலையில் வைத்திருந்தது.

வெட்டைவிட வளர்ச்சி அப்போதும் அதிகம். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கமுடிகிறது என்பதே என் கவலை.

கன மீட்டருக்குள் வராத இன்னொன்று பட்டமரம். பின்லாந்துக் காட்டுயிர்களில் நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ, வண்டும் பூஞ்சையும் பாசியுமாக நாலாயிரம் ஐயாயிரம் இனங்கள், செத்த மரத்தை அண்டி வாழ்பவை. கைபடாத தென்காட்டில் ஹெக்டேருக்கு 60 முதல் 120 கன மீட்டர் வரை பட்டமரம் கிடக்கும். தெற்கின் பராமரிப்புக் காடுகளில் அது ஐந்தை ஒட்டியே நிற்கிறது. வெண்முதுகு மரங்கொத்தி உளுத்த பிர்ச் மரத்தைக் கொத்திப் புழு எடுப்பது. ஸ்வீடனில் அது அற்றுப்போகும் விளிம்புக்கே வந்துவிட்டது. 2018-இல் வெளியான மதிப்பீடு, பின்லாந்தின் காட்டு வாழிட வகைகளில் 76 விழுக்காடு அச்சுறுத்தலில் இருப்பதாகச் சொன்னது. மரஇருப்பு நூறாண்டில் காணாத உச்சத்தில் நின்ற காலத்தில் வந்த எண் இது.

ஜப்பான் இதன் மறுபுறத்தைக் காட்டுகிறது. போருக்குப் பின் மொட்டையான மலைகளில் அந்த நாடு சூகி, ஹினோகி மரங்களை நட்டது. இன்று நடவுக்காடு மட்டும் சுமார் ஒரு கோடி ஹெக்டேர். 1964-இல் மர இறக்குமதி முழுதாகத் திறந்துவிடப்பட்டது. பிலிப்பைன்ஸிலிருந்தும் போர்னியோவிலிருந்தும் மலிவாக வெப்பமண்டல மரம் வந்து குவிய, உள்நாட்டு மரத்தைக் கேட்பாரில்லை. தேவையில் சொந்த மரத்தின் பங்கு 2002-இல் 18.8 விழுக்காடு வரை விழுந்தது. வெட்டப்படாத சூகி வளர்ந்துகொண்டே போனது. இடைவெட்டு நின்ற தோப்புகளுக்குள் வெளிச்சம் இறங்கவில்லை. அடிச்செடி இல்லாத சரிவுகளில் மண் வெறுமையாயிற்று. முதிர்ந்த சூகியின் மகரந்தம் ஒவ்வொரு வசந்தத்திலும் நகரங்களின் மேல் இறங்குகிறது. 2019-இல் எடுத்த ஆய்வில் மக்களில் 38.8 விழுக்காட்டினருக்குச் சூகி மகரந்த ஒவ்வாமை இருந்தது. வளர்ச்சி வெட்டைப் பலமடங்கு மிஞ்சிய நாடு அது. அந்த மிச்சத்தின் விலையில் ஒரு பகுதியைக் கொடுத்தவை பிலிப்பைன்ஸ் மலைகள்.

இதே கேள்வியை, பின்லாந்தையும் கணக்கில் எடுத்து, 2005-இல் ஆட்ரி மேயரும் பெக்கா கௌப்பியும் மற்றவர்களும் ‘சயின்ஸ்’ இதழில் எழுப்பினார்கள்: தன் காட்டைக் காக்கும் நாடு, மரத்தை இறக்குமதி செய்யும்போது கேட்டையும் ஏற்றுமதி செய்கிறது. பின்லாந்தின் ஆலைக்காரர்கள் இன்று எடுத்துவைக்கும் வாதமும் இதிலிருந்தே கிளைத்தது: நாங்கள் வெட்டைக் குறைத்தால் வேறெங்கோ மோசமாக வெட்டுவார்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் வெட்டும் மரத்தில் பெரும்பகுதி உத்தரமாகவோ கதவாகவோ ஆவதில்லை; மரக்கூழாகவும் அட்டையாகவும் விறகாகவும் போகிறது. சில ஆண்டுகளுக்குள் காற்றில் கலந்துவிடும் பொருள்களுக்காக எண்பது ஆண்டு மரத்தைச் சாய்ப்பதற்கு, அந்த வாதம் போதுமான நியாயம் தரவில்லை.

இயற்கை தரும் அடியையும் ‘வட்டியை மட்டும் எடு’ என்ற சூத்திரம் எதிர்பார்க்கவில்லை. ஜெர்மனியில் 2018 முதல் தொடர்ந்த வறட்சியில் ஸ்புரூஸ் மரங்கள் பிசின் சுரக்கமுடியாமல் நின்றபோது பட்டை வண்டு புகுந்தது. 2018 முதல் 2021 வசந்தம் வரை சுமார் ஐந்து லட்சம் ஹெக்டேர் காட்டை அந்த நாடு இழந்ததாகச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. ஹார்ட்ஸ் மலையில் சரிவு சரிவாகச் சாம்பல் நிறக் கட்டைகள். 2022 நிலவரத்தை அளந்து 2024-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, 2017-க்குப் பிறகு ஜெர்மன் காடு கார்பனை விடும் பக்கத்துக்குப் போய்விட்டதென்று பதிவு செய்தது. கார்லோவிட்ஸின் மண்ணிலேயே இது நேர்ந்திருக்கிறது.

பின்லாந்தின் கணக்கெடுப்பு 1990-களிலிருந்து பட்டமரத்தையும் அளக்கிறது. வாய்க்கால் போட்ட நிலம் எது, கரிமண் எத்தனை ஆழம் என்ற விவரமும் களக் குறிப்புகளில் உண்டு. இறக்குமதிக் கணக்கு சுங்கத்துறையிடம் இருக்கிறது. வளர்ச்சி, வெட்டு என்ற இரண்டு எண்ணுக்குப் பக்கத்தில் இறப்பு, மண், பட்டமரம், இறக்குமதி என்ற நான்கையும் ஒரே அட்டவணையில் அச்சிடப் புதிதாக யாரும் காட்டுக்குள் நடக்கவேண்டியதில்லை. அப்படி அச்சிட்டால், வளமான சதுப்புக்காட்டில் ஒட்ட வெட்டுவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது உடனே தெரிந்துவிடும். மரமெல்லாம் போனதும் நீரை உறிஞ்ச ஆளில்லாமல் நீர்மட்டம் ஏறும். மறுபடி வாய்க்காலைத் தூர்வார வேண்டியிருக்கும். கலங்கிய நீர் ஏரிக்குப் போகும். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, நிற்கும் மரங்களையே நீர் இறைக்கவிடலாம். 1948 அறிக்கைக்குப் பிறகு விலக்கப்பட்டிருந்த பலவயதுக் காட்டுமுறையை 2014-இல் திருத்திய வனச்சட்டம் அனுமதித்தும் விட்டது.

ஆனால் பின்லாந்துக் காட்டில் சுமார் 60 விழுக்காடு தனியார் குடும்பங்களுடையது. சிறு உரிமையாளர்கள் ஆறு லட்சம் பேர். அரசு காசு கொடுத்துச் சதுப்பை வற்றவைக்கச் சொன்னபோது அவர்களின் தாத்தாக்கள் அதை நாட்டுப்பணி என்று நம்பிச் செய்தார்கள். அந்தப் பைன் இப்போதுதான் விற்கும் பருமனுக்கு வந்திருக்கிறது. இன்னும் இருபது ஆண்டு நிற்கவிடு, வாய்க்காலை அடை என்று அவர்களிடம் கேட்பதானால், வாய்க்கால் வெட்டக் கொடுத்ததைப்போலவே அடைக்கவும் பொதுப்பணம் கொடுத்தாகவேண்டும். எவ்வளவு, எந்த நிதியிலிருந்து என்பதைத்தான் ஹெல்சின்கி முதலில் பேசித் தீர்க்கவேண்டும்.